நந்திதா விட்டுப்போன தூக்கம்

திருச்செங்கோட்டில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் செங்கோட்டுவேலுக்கும் அவர் மனைவி கமலவேணிக்கும் ஒரே மகளான நந்திதா, நிலத்தடி நீரைப் பற்றிப் படிப்பதற்காகக் கனடாவில் சஸ்கட்டூன் என்ற ஊருக்குப் புறப்பட்டுப் போனபோது, கொண்டுபோக வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு, தன் தூக்கத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். குக்கர் போயிற்று, அதற்கு மாற்று வாஷர் போயிற்று, பருப்புப்பொடியும் கம்பளிச் சட்டைகளும் சளிக்கு மாத்திரையும் போயின, அவள் அப்பா தன் கையால் தைத்த நீலத் தார்ப்பாய் உறைகளைப் போர்த்திக்கொண்டு பெட்டிகள் போயின. தூக்கத்தைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை.

விமான நிலையத்திலிருந்து திரும்பிவந்த வாரத்தில், காலைச் சமையல் முடிந்த வேளையில், படுக்கை விரிப்பை மாற்றலாம் என்று மகளின் அறைக்குள் போன கமலவேணி, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். மகள் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கத்தை அவள் தூங்கியதில்லை. தண்ணீர் தளும்பாத கிணற்றுக்குள் யாரோ கையைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கிவிடுவதுபோல அது அவளை உள்ளே வாங்கிக்கொண்டது, மாலையில் கடையிலிருந்து வந்த கணவர் தோளைத் தொட்டு அசைத்தபோது, தலையணைமேல் இடது காலைப் போட்டுக்கொண்டு, பல்லை லேசாக நறநறவென்று கடித்தபடி, "அஞ்சு நிமிஷம்மா" என்றாள்.

தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று கேட்டு அவளே கண் விழித்தாள். அது யாருடைய தூக்கம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா.

"ஏனுங்க, நந்து தூக்கத்த இங்கயே உட்டுட்டுப் போயிட்டாளுங்க," என்றாள்.

செங்கோட்டுவேல் கட்டிலைப் பார்த்தார். தலையணையில் பள்ளம் இருந்தது, மின்விசிறிக் காற்று அந்த இடத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து சுற்றிக்கொண்டு போயிற்று. "அட, ஆமா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அந்தத் தூக்கம் கனடாவின் கடிகாரத்தைப் பார்த்து நடந்தது. அங்கே இரவாகும் நேரத்தில், அதாவது இங்கே வெயில் ஏறி, தெருவில் கீரைக்காரி போய், விசைத்தறிகள் முழு மூச்சில் ஓடத் தொடங்கும் நேரத்தில், அறைக்குள் அது தயிர் உறைவதுபோல உறைந்து கெட்டியாகும். பொழுது சாயும்போது இளகிப்போய் சுவரோரமாக ஒதுங்கிக்கொள்ளும். கமலவேணி இதை முதலில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் சொன்னாள். ஸ்டெல்லா ஒரு மருத்துவமனையில் இரவு நர்ஸ். பகலில் தூங்கப் படுத்தால் பின்பக்கத்துத் தறிச்சத்தம் தலைக்குள் ஓடும் என்று பல வருடமாகச் சிவந்த கண்களோடு இருப்பவள். அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. "நான் ஒருநாள் வந்து படுத்துக்கட்டுங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். வந்து படுத்தாள், எழுந்தபோது அவள் கண்கள் குழந்தையின் கண்கள்போல வெளுத்திருந்தன.

பிறகு தெரு அதைத் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்ட தெரு, தண்ணீர் விடும் நேரத்தைப் பழகிக்கொள்வதுபோல அதைப் பழகிக்கொண்டது. கைக்குழந்தைக்காரி வந்தாள், முழங்கால் வலிக்காரர் வந்தார், மகளுக்கு வரன் அமையாத தபால்காரர் வந்தார். ரிக் வண்டி டிரைவர் துரைசாமி வந்தான். வடக்கே மத்தியப் பிரதேசம்வரை போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு வரும் அவன், வருடக்கணக்கில் ராத்திரிகளை ஹெட்லைட் வெளிச்சத்தில் ஓட்டித் தீர்த்தவன். மீசையை முறுக்கிவிட்ட அந்தப் பெரிய உடம்பு, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, தலையணைமேல் இடது காலைத் தூக்கிப்போட்டுப் படுத்திருப்பதைப் பார்த்து வாசலில் நின்ற பெண்கள் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினார்கள். எழுப்பினால் அவனும் "அஞ்சு நிமிஷம்மா" என்றான். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கமலவேணி எல்லோருக்கும் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்தாள்.

யாரும் வகுக்காமலே சில முறைகள் வந்துவிட்டன. குளித்துவிட்டு வர வேண்டும், விரிப்பை உதறி மடித்துவைத்துவிட்டுப் போக வேண்டும், தூங்குகிறவரைப் பெயர் சொல்லி எழுப்பக் கூடாது. போகும்போது ஒருவர் முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போவார், ஒருவர் கறிவேப்பிலையை. பகல் பதினோரு மணிக்கு அந்தத் தெருவுக்குள் திரும்பும் ஆட்டோக்கள் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டன.

தூக்கத்தோடு கனவும் இருந்தது. நந்திதா அங்கே பகலெல்லாம் பார்த்ததும் நடந்ததும் இங்கே வந்து கனவாகப் பழுத்தது, யார் படுத்தார்களோ அவர்கள் அதைக் கண்டார்கள். அகலமான ஒரு ஆறும், அதன்மேல் வரிசையாகப் பாலங்களும், ஆற்றிலிருந்து வெந்நீர் அண்டாவிலிருந்து எழுவதுபோல எழும் குளிர்காலத்துப் புகையும், நிலவறையில் வட்ட ஜன்னல்களோடு சுற்றும் துணி துவைக்கும் இயந்திரங்களும், நடுத்தெருவில் யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருக்கும் வெள்ளை முயலும் தெருவாருக்குப் பழக்கமாயின. ஈரோட்டைப் பற்றிப் பேசுவதுபோல அவர்கள் சஸ்கட்டூனைப் பற்றிப் பேசினார்கள்.

"இன்னிக்கு முயலு ரெண்டு நின்னுதுங்க்கா," என்பாள் கைக்குழந்தைக்காரி.

"லைப்ரரிக்குப் பின்னாடியா?" என்பாள் ஸ்டெல்லா.

அந்த ஊரில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவதைக் கனவில் கண்ட துரைசாமி, ஒருநாள் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்படியே சொல்ல, அந்த டிரைவர் இவனை மேலும் கீழும் பார்த்து, "ஏப்பா, ஒடம்புக்கு நல்லாருக்கியா?" என்று கேட்டார்.

ஒருநாள் அடுத்த தெரு அமுதவல்லி டீச்சர் வந்தார். அவருடைய மகன் சில வருடங்களுக்கு முன்பே மெல்போர்னுக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலையில் இருந்தான். அவர் படுக்க வரவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நோயாளியின் மூச்சைக் கவனிப்பதுபோல வெகுநேரம் கவனித்தார்.

"நானும் எங்க வீட்டுல தேடிப் பாத்தேன் கமலா," என்றார். "அலமாரிக்குள்ள, மாடியில, அவன் படிச்ச மேசைக்கு அடியில. ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருக்கான்."

"நல்லதுதானுங்களே டீச்சர்."

"நல்லதுதான். அவன் நல்லாருக்கான்." தலையணைப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்க பொண்ணு அங்க எதுல தூங்கறா?"

கமலவேணி காப்பி கலக்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்துபோனாள். ஏனென்றால் அதற்குப் பதில் அவளுக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும். தொலைபேசியில் நந்திதா ஒவ்வொருமுறையும் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னாள். அறை நன்றாக இருக்கிறது, உடன் தங்கியிருக்கும் சிந்துஜா நல்ல பெண், டொராண்டோப் பக்கம் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், தமிழில் பேசிக்கொள்கிறோம், சாப்பாடு பரவாயில்லை. கடைசியில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொல்வதுபோல, "தூக்கந்தான் வரமாட்டேங்குதும்மா" என்பாள். எப்படி வரும், இங்கே கிடக்கிறதே என்று கமலவேணிக்கு நாக்கு நுனிவரை வரும், வந்து திரும்பிப்போகும். போகப்போக வந்துவிடும் கண்ணு, பால் குடி, என்பாள். பெண் போய்விட்டாள், பெண்ணின் தூக்கமாவது வீட்டில் இருக்கட்டுமே என்று அவளுக்குள் ஒரு குரல் இருந்தது, அந்தக் குரலை அவள் யாருக்கும் கேட்கவிடவில்லை. தெரு கலைந்து போன பிற்பகல்களில் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து, சுவர்ப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் அதை முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தெருவிலேயே அந்தக் கட்டிலில் படுக்காதவர் செங்கோட்டுவேல் ஒருவர்தான். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது அறைவாசலில் கொஞ்சநேரம் நிற்பார். உள்ளே கால் வைக்க மாட்டார்.

"ஒருநா படுத்துத்தான் பாருங்களேன்," என்றாள் கமலவேணி.

"வேண்டா. அது அவளுது. நானும் தூங்குனா அவளுக்குக் கொறஞ்சிராது?"

"தூக்கம் என்ன தொட்டித் தண்ணியா, கொறையறதுக்கு?"

அவர் கை கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கார்த்திகை போய் மார்கழி பிறந்தபோது கனவுகள் வெளுக்கத் தொடங்கின. முதலில் பாலங்களின் நிறம் போயிற்று, பிறகு பேருந்துகளின் எண் போயிற்று. வகுப்பறையில் ஆசிரியர் பேசுவது தறிச்சத்தமாகக் கேட்டது, தாளில் எழுதிய எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்து ஓரத்துக்குப் போயின. ஒரு மேசைக்கு முன்னால் நின்று பெயர் சொல்லவேண்டியிருந்து, பெயர் வராமல் நிற்பதாகத் தபால்காரர் கண்டார். விழித்த பிறகும் தன் பெயரைச் சொல்ல அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. தூங்கி எழுந்தவர்கள் களைப்பாக எழுந்தார்கள். சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், வந்தவர்கள் முருங்கைக்காயை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் போனார்கள்.

பிறகு ஒரு காலையில் துரைசாமி யாரும் எழுப்பாமல் தானே எழுந்து கூடத்துக்கு வந்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். செங்கோட்டுவேல் அன்று கடைக்குப் போக லேட்டாகி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணுங்க," என்றான் துரைசாமி. "பாலத்து நடுவுல நிக்கிறனுங்க. பனி கொட்டுது. கையில உறை இல்ல, எங்கயோ போட்டுட்டன். எந்தப் பக்கம் போனா ரூமுன்னு தெரியல. அந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குது, இந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குது. தண்ணியப் பாத்துட்டே நிக்கிறன்."

"அழுதயா?"

"அழுகலீங்க. அழுதிருந்தா நான் பயந்திருக்க மாட்டன்."

செங்கோட்டுவேல் செருப்பைக் கழற்றினார். சமையலறை வாசலில் நின்றிருந்த கமலவேணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

துரைசாமி போனதும் செங்கோட்டுவேல் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு அவர், "கமலா, அவளுக்கு அங்க தூக்கமில்லைன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"தெரியுமுங்க. மொதல்லயிருந்தே தெரியும்." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "தானா போயிரும்னு இருந்தன். போகலைன்னதும், போகாம இருந்தா என்னன்னு இருந்துட்டன்."

அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அதுவா எப்படிப் போகும்? அன்னிக்கு ஏர்போர்ட்டுக்குக் கெளம்பறப்ப நீ அவள எழுப்புன. அதை எழுப்பல. யாரும் எழுப்பாம அதுக்கு எப்படித் தெரியும், நேரமாச்சுன்னு?"

தலையணையைப் பார்சலில் அனுப்பலாமா என்று யோசித்தார்கள்; தலையணைதான் போய்ச்சேரும். யாராவது போகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாமா என்றால், கைப்பையில் அதை வைத்துக்கொண்டு யார் விழித்தபடி விமானம் மாறுவார்கள். கடைசியில் கமலவேணி முகத்தைக் கழுவிக்கொண்டு, சர்க்கரை போடாத காப்பி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, மகளின் அறைக்குள் போனாள். பகல் பதினொன்று. தூக்கம் நன்றாக உறைந்திருந்தது. இத்தனை மாதம் அதற்குள் இறங்கி ஏறிப் பழகியதால், கழுத்தளவு தண்ணீரில் நிற்பவள்போல அவளால் அதற்குள் விழித்தபடி நிற்க முடிந்தது.

"எந்திரி கண்ணு. நேரமாச்சு."

தூக்கம் சுவர்ப்பக்கம் புரண்டது.

"புரளாத. பஸ்ஸு வந்துரும். எந்திரி."

விரிப்பு நெளிந்து, தலையணை கொஞ்சம் ஏறி இறங்கியது. ஐந்து நிமிடம் என்றுதான் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் தெருவுக்கே கொடுத்ததை இப்போது கொடுக்கக் கூடாது என்பதும் தெரிந்தது. பள்ளிக்கூட நாட்களில் எப்படிச் சத்தம் போடுவாளோ அதே சத்தத்தைத் தேடிப்பிடித்து, "நந்து, இப்ப எந்திரிக்கிறயா, தண்ணி கொண்டாந்து ஊத்தட்டுமா?" என்றாள். ஜன்னலை விரியத் திறந்தாள். மார்கழி வெயில் கட்டில்மேல் விழுந்தது. மின்விசிறிக் காற்று தடைபடாமல் ஒருமுறை முழுதாகச் சுற்றியது, தலையணைப் பள்ளம் மெதுவாக மேலே எழும்பி நிரம்பியது. அது எழுந்துவிட்டது. அவள் பாதி மூடிய கண்ணோடு நிற்கும் குழந்தையின் தலையைக் கோதுவதுபோலக் காற்றில் இரண்டுமுறை கோதிவிட்டு, கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

வாசலில் செங்கோட்டுவேல் கடைச் சரக்கு ஏற்றும் தன் குட்டியானை வண்டியின் பின்பக்கத்தைக் கூட்டி, புதுத் தார்ப்பாய் விரித்துவைத்திருந்தார். ஒருநாளும் அந்தத் தூக்கத்தில் ஒரு பொட்டுக்கூட எடுத்துக்கொள்ளாதவர் என்பதால், அதை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட அந்தத் தெருவில் அவர் ஒருவரால்தான் முடியும். தெருவார் வெளியே வந்து நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. ஸ்டெல்லா மட்டும் வண்டியின் பின்கதவைத் தொட்டபடி சற்று நின்றாள். நாளையிலிருந்து அவளுக்குத் திரும்பவும் தறிச்சத்தம்தான். "அங்க ரொம்பக் குளிருங்க்கா, அதுக்கு ஏதாச்சும் போத்தி உடுங்க," என்று சொல்லித் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தார்ப்பாய்மேல் விரித்தாள். அமுதவல்லி டீச்சர் கேட் அருகே நின்று கையசைத்தார்.

கோயம்புத்தூர்வரை வண்டி மெதுவாகப் போயிற்று. அது கடந்துபோன ஊர்களில் அன்று பகல் ஒரு சாந்தம் இறங்கியதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். காவிரிப் பாலத்தின்மேல் ஆட்டுக்கூட்டம் ஒன்று நடந்தபடியே படுத்துக்கொண்டது, டீக்கடை மாஸ்டர் ஆற்றிய டீ மேலிருந்து கீழே வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது, பைக்கில் பின்னால் வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓரம்கட்டி நிறுத்திப் புளியமரத்தடிகளில் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னிருக்கையில் கமலவேணி திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே வந்தாள். சிந்துஜாவோடு சண்டை போடாதே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படு, வழி உனக்குத் தெரியும், அத்தனையையும் நீ கனவில் பார்த்திருக்கிறாய், பாலத்தைத் தாண்டி லைப்ரரிக்கு வந்து முயல் நிற்கும் பக்கமாகத் திரும்பு.

விமான நிலையத்து வாசலில் வெளிநாடு புறப்பட்ட ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்களிடம் ஒரு கைக்குழந்தை, எதற்கும் அடங்காமல் கத்திக்கொண்டிருந்தது. தாயும் தகப்பனும் மாற்றி மாற்றித் தூக்கிச் சலித்துப்போயிருந்தார்கள். கமலவேணி வண்டியின் பின்கதவைத் திறந்தாள். "போ சாமி," என்றாள். சால்வையின் ஓரம் அசைந்தது. வாசலில் கத்திக்கொண்டிருந்த குழந்தை பாதிக் கத்தலில் நிறுத்தி, கொட்டாவி விட்டு, தாயின் தோளில் கன்னத்தைச் சாய்த்து, இடது காலைத் தூக்கி அவள் கைமேல் போட்டுக்கொண்டது. அப்பாடா என்று அந்தத் தாய் அதை ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுகள் மூடின. செங்கோட்டுவேல் கதவுகளைப் பார்த்தபடி நின்று, அங்கேயே, அத்தனை பேர் நடுவில், மகள் போன அன்று அழாததையும் சேர்த்து அழுதார். கமலவேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு காத்திருந்தார்கள். மறுநாள் நந்திதா பேசினாள். தூக்கம் வரவில்லை என்றாள். அதற்கு அடுத்த நாளும் அதையேதான் சொன்னாள், குரல் எங்கோ தூரத்தில் காற்றில் கட்டிவைத்த நூல்போல இருந்தது. கமலவேணி இந்தமுறை மறைக்கவில்லை. "கெளம்பி வந்துட்டிருக்குது கண்ணு. கதவத் தாப்பாப் போடாத," என்றாள். மறுமுனையில் நந்திதா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "சரிம்மா," என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. இவர்கள் அழைத்தாலும் மணி அடித்து அடித்து நின்றது. துரைசாமி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டான், தபால்காரர் சைக்கிளை நிறுத்தி என்னவாயிற்று என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் மாலை விளக்கேற்றும் வேளையில், யாரோ எடுத்தார்கள்.

"அன்ரி, நான் சிந்துஜா. நந்திதா நித்திரை கொள்ளுறா. முந்தநாள் பின்னேரம் சரிஞ்சவ, இடையில எழும்பித் தண்ணி குடிச்சிட்டுத் திரும்பவும் படுத்திட்டா. இப்ப இங்க காலமை ஏழு மணியாகுது. எழுப்பட்டே?"

கமலவேணி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் பிறந்ததிலிருந்து பால்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் பரீட்சைக்கும் விமானத்துக்கும் எழுப்பியே பழகிய வாய் அது.

"வேண்டாஞ் சாமி," என்றாள். "எழுப்பாத. அவளா எந்திரிக்கட்டும்."

"சரி அன்ரி. நான் மெல்லமாக் கதவச் சாத்திவிடுறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது செங்கோட்டுவேல் எதிரில் நின்றிருந்தார். என்ன என்று அவர் கேட்கவில்லை, உதடுகளை மட்டும் அசைத்தார். அவள் ஒரு விரலை உதட்டின்மேல் வைத்து, "தூங்கறாளாம்," என்று காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, டிவியின் சத்தத்தைக் குறைத்தார். வாசலில் இருந்த துரைசாமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து போனான். அன்று அந்த வீட்டில் தட்டு, டம்ளர் எதுவும் ஓசைப்படவில்லை. தூங்குகிறவர் ஒருவருமில்லாத அந்த வீட்டில், நுனிக்காலால் நடந்துகொண்டு, இருவரும் வெகுநேரம் கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.